தேனிலவு அகமா, புறமா?

ஒரு மொழியிலிருந்து மறுமொழிக்குப் பெயர்க்கப்படும் சொல், தன் பொருள் முழுவதையும் உடன்கொண்டு வருவதில்லை. ‘தேனிலவு’ என்னுஞ் சொல் அதற்கோர் எடுத்துக்காட்டு. ஆங்கிலத்திற் பதினாறாம் நூற்றாண்டிலேயே வழங்கிய ‘ஹனிமூன்’ என்பதன் நேர்பெயர்ப்பு அது. புதுமணத்தார் அன்பு தேன்போல இனிக்கும். ஆயினும் நிறைமதிபோல மெல்லத் தேயும் என்பதே அக்காலத்தார் கொண்ட பொருள். வாழ்த்தோடு ஓர் எச்சரிக்கையும் அச்சொல்லில் இருந்தது. நம்மவர் ‘திங்கள்’ என்று பெயர்த்திருப்பின், தேயும் மதியும் மாதமும் ஒருங்கே அமைந்திருக்கும். ‘நிலவு’ என்றமையால் ஒளி மாத்திரம் வந்தது, தேய்வு வரவில்லை. வழக்கில் நிலைத்துவிட்ட சொல்லைத் திருத்த யான் முயலவில்லை. அச்சொல்லாற் குறிக்கப்படும் செயலைப் பற்றியே ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன்.

சென்ற மாசியில் என் மூத்த மகளுக்குத் திருமணம் நிறைவேறியது. நாலாஞ்சடங்கு முடிந்ததும், தாங்கள் இருவரும் ஐந்து நாள் மாலைதீவுக்குப் போகவிருப்பதாக மணமக்கள் சொன்னார்கள். மருமகன் ஓர் எழுதுவினைஞர், பெருஞ்செல்வர் அல்லர். கலியாணக் கடன் தீருமுன் கடல்கடந்த உல்லாசம் எதற்கென்று யான் கடிந்தேன். அப்போது அடுக்களை வாயிலில் நின்ற என் மனைவி, “இஞ்சாருங்கோ, எங்களுக்குக் கிடையாதது பிள்ளைக்கும் கிடையாமற் போக வேணுமோ?” என்று கேட்டாள். யான் மறுமொழி கூறவில்லை.

எங்கள் திருமணம் 1995 ஆம் ஆண்டு ஆவணியில் நடந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடுவாசல் விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தை நாங்களும் நடந்தே கடந்தோம். பாடசாலை ஒன்றின் வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள் இருந்தோம், சேலைகளே சுவர்கள். மணமாகி மூன்று மாதமும் நிரம்பாத நாங்கள் இருவரும் பிறர் செவிப்படாமற் பேசுவதற்கு வாய்த்த இடம், கிணற்றடிக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை ஒன்றே. அதிலும் குடத்தோடு எதிரே யாரேனும் வருவர். அவ்வாறு கழிந்த மாதங்களை என் மனைவி அன்றுவரை ஒரு குறையாகச் சொன்னதில்லை. அவள் மறந்தாள் என்று யான் எண்ணியிருந்தேன்.

ஆதலின், புதுமணத்தாருக்குத் தனிமை வேண்டும் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. அஃது அந்நியர் வழக்கம் என்று தள்ளுவதற்கும் இடமில்லை. கோவலனையும் கண்ணகியையும் வேறோர் இல்லத்தில் தனித்து வாழவைத்தவள் கோவலனின் தாயே என்று சிலப்பதிகாரம் கூறும். அத் தாயின் உளப்பாங்கு இன்றைய பெற்றோர்க்கும் வேண்டும்.

எனினும் வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. இன்று கொண்டாடப்படும் தேனிலவு அகமா, புறமா?

மாலைதீவு ஏறத்தாழ 1,190 பவளத் தீவுகளாலானது. அவற்றுள் இருநூற்றுக்கும் குறைந்தவற்றிலேயே அந்நாட்டு மக்கள் வாழ்கின்றனர். 1972 ஆம் ஆண்டில் முதல் உல்லாச விடுதி அங்கே திறக்கப்பட்டது. பின்னர் ‘தீவு ஒன்றுக்கு விடுதி ஒன்று’ என்னும் முறை பெருகிற்று. ஆங்கே விற்கப்படும் பொருள் கடலன்று, மணலன்று, தனிமையே. இருவரை அன்றி எவருமில்லாத கரை வேண்டுமென்றே மக்கள் பெரும்பொருள் கொடுக்கின்றனர்.

என் பழைய மாணவன் ஒருவனும் அவ்வாறு சென்றான். நீர்மேல் எழுப்பிய குடிலில் தங்கினான். அதற்கு வட்டிக்குக் கடன் வாங்கினான். படம் பிடிப்பவர் ஒருவரையும் கூலிக்கு அமர்த்தினான். இருவர் பயணம் மூவர் பயணமாயிற்று. காலை உணவு முதலாக அந்திக் கடல் ஈறாக யாவும் அன்றன்றே முகநூலில் ஏறின. ஊரவர் கண்டனர், அலுவலகத்தார் கண்டனர், கடன் கொடுத்தவரும் கண்டார். ஆளில்லாத் தீவைப் பொருள் கொடுத்துப் பெற்று, அதில் ஊர் முழுவதையும் அவன் குடியேற்றினான். மூன்றாண்டு சென்றும் கடன் தீரவில்லை. மனைவியோடு பேசும் பேச்சிற் பெரும்பகுதி வட்டியைப் பற்றியதே என்று அவன் என்னிடம் வருந்திச் சொன்னான்.

அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் விதி. வேலில் அணிந்த வேம்பு பாண்டியனைச் சுட்டுகின்றது என்னும் காரணத்தால், நெடுநல்வாடையைப் புறம் என்று கொண்டனர் உரைகாரர். ஒரு பூ அடையாளங் காட்டினாலே அகம் புறமாகுமென்றால், பெயரும் இடமும் அறையின் வாடகையும் சேர்த்து வெளியிடும் தேனிலவை என்னென்று வகுப்பது? மாணவர் இதனை வெறும் இலக்கண விதியென்று கருதற்க. இருவர்க்கே உரியதொன்று பலர்க்கும் உரியதாகும்போது அதன் இயல்பு திரியும் என்னும் அறிவு அவ்விதியின் அடியில் உள்ளது.

“மகிழ்ச்சியைப் பகிர்வது குற்றமோ?” என்று இளைஞர் கேட்பர். குற்றமன்று. நம் முன்னோரும் பகிர்ந்தனர். மணமான மகளின் இல்லத்துக்குச் செவிலி செல்வாள். இருவரும் இனிது வாழும் காட்சியொன்றைக் காண்பாள். மீண்டுவந்து நற்றாய்க்குக் கூறுவாள். கேட்க உரிமையுடையவர்க்குக் கேட்கத்தக்க அளவே சொல்லப்பட்டது. அந்த அளவையே யான் வேண்டுகின்றேன்.

பெற்றோர்க்கு யான் கூறுவது இது: பிள்ளைகளைத் தனியே போகவிடுங்கள், நமக்குக் கிடையாததை அளவுகோலாக்காதீர்கள். இளையோர்க்குக் கூறுவது: வருவாய்க்கு ஏற்ற இடத்தைத் தேடுங்கள். குறிகட்டுவானிற் படகேறினால் நெடுந்தீவும் தீவுதான். அங்குள்ள பவளக்கல் வேலியோரம் இருவர் பேசி நடப்பினும் அஃது அகமே. எங்கே செல்லினும் கைத்தொலைபேசியைச் சிறிது மறந்திருங்கள்.

என் மகளும் மருமகனும் ஈற்றில் மாலைதீவுக்கே சென்றனர். உல்லாச விடுதியில் அன்று. மக்கள் வாழும் தீவொன்றில், எளிய விருந்தினர் இல்லத்தில் தங்கினர். சேர்ந்ததும் ஒரு முறை தொலைபேசியிற் பேசினர். ஐந்து நாளும் படமொன்றும் வரவில்லை. திரும்பி வந்த அன்று மாலை மகள் அடுக்களையில் தாயோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். இடையிடையே இருவரும் சிரித்தனர். விறாந்தையில் இருந்த எனக்குச் சொல் ஒன்றும் தெளிவாகக் கேட்கவில்லை. என்னவென்று யான் வினவவுமில்லை.