வலவன் இல்லாத வண்டி

சென்ற பருவத்தில் ஒரு நாள், முதுகலை வகுப்பில் புறநானூற்றின் 27ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தோம். சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. புலவர் பாடும் புகழுடையோர், பாகன் செலுத்தாத வான ஊர்தியில் ஏறிச் செல்வர் என்னும் கருத்து அதில் வருகிறது. பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இதைத்தானே இப்போது சென்னையில் விடப்போகிறார்கள்?" என்றார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம்.

'தமிழன் அன்றே கண்டான்' என்று மார்தட்டும் கட்டுரைகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. அவ்வரிசையில் மேலும் ஒன்றைச் சேர்க்கும் எண்ணம் நமக்கு இல்லை. சாத்தனாரின் ஊர்தி புகழுக்குக் கிடைக்கும் பயன். அதைப் பொறியியலாக்குவது பாடலுக்கும் நல்லதன்று, பொறியியலுக்கும் நல்லதன்று. எனினும் மாணவரின் கேள்வி, மாலையில் திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் திரும்பும் பேருந்திலும் நம்மை விடவில்லை.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் நடுவணரசு ஒப்புதல் அளித்தது. ஓட்டுநரில்லா வண்டிகளில் முதலாவது அதே மாதம் பூந்தமல்லிப் பணிமனைக்கு வந்து சேர்ந்தது. மூன்று பெட்டிகள் கொண்ட இவ்வண்டிகள் 26க்கான ஆணை 2022 நவம்பரிலேயே அளிக்கப்பட்டிருந்தது. 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டமும் நடந்தது. உலகுக்கு இது புதிதன்று. பாரிசில் 1998 முதல் ஒரு தடம் இவ்வாறே ஓடுகிறது. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா வழியே செல்லும் வடகிழக்குத் தடம் 2003 முதல். தில்லி 2020 டிசம்பரில் தொடங்கியது.

அச்சப்படுவோர்க்கு ஒன்று சொல்லலாம். வண்டி தன் இருப்பிடத்தை வானொலி அலை வழியே கட்டுப்பாட்டு அறைக்கு இடைவிடாது தெரிவிக்கிறது. முன்செல்லும் வண்டிக்கும் தனக்கும் உள்ள தொலைவை அறிந்து வேகத்தை அமைத்துக்கொள்கிறது. நடைமேடை விளிம்பில் தடுப்புக் கதவுகள் நிற்பதால் தடத்தில் எவரும் விழ வழியில்லை. நம் விருதுநகர் - தென்காசி ஒற்றைத் தடத்தில் ஆடும் மாடும் குறுக்கிடும். அங்கே எஞ்சின் ஓட்டுநரின் கண் வேண்டும். மெட்ரோவுக்கு அந்தக் கவலை இல்லை. முதற்கட்ட வண்டிகளிலேயே ஓட்டத்தின் பெரும்பகுதியைப் பொறிதான் பார்த்துக்கொண்டது. ஆகவே நாம் இவ்வண்டிகளுக்கு எதிரியல்லோம்.

ஆனால் 'ஆளில்லாத வண்டி' என்று நாளேடுகள் எழுதும்போது உறுத்துகிறது. திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடுவதைக் கண்டோர் அறிவர். வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கில்; எல்லார் கண்ணும் அவர்கள் மேல். சக்கரத்தருகே குனிந்து கட்டை கொடுப்பவர்களை யாரும் பார்ப்பதில்லை. தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில். ('முட்டுக்கட்டை போடுதல்' என்பதை நம் மொழி எப்படியோ வசையாக்கிவிட்டது. அக்கட்டை இல்லையேல் தேர் வீதிமுனையில் எவர் வீட்டுத் திண்ணையிலோதான் நிற்கும்.) 2017 டிசம்பரில், திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு, தில்லியில் இத்தகைய வண்டியொன்று பணிமனைச் சுவரை இடித்துக்கொண்டு வெளியே வந்தது. பிரேக்கைச் சரிபார்க்காத மனிதத் தவறு என்று நிர்வாகமே கூறிற்று. பாகன் வண்டியை விட்டு இறங்கிவிட்டான். ஆனால் பணிமனையில் இருக்கிறான். அவன் பெயர்தான் மாறியிருக்கிறது.

வினவிய மாணவரின் தாயார் இராசபாளையத்து நூற்பாலை ஒன்றில் கோன் வைண்டிங் பிரிவில் இருந்தவர். ஆட்டோகோனர் வந்தபின் அறுந்த நூலைப் பொறியே இணைத்துக்கொண்டது. அவர் வேறு வேலை தேடிக்கொண்டார். பொறியைப் பழுதுபார்க்கும் பயிற்சியை அவருக்குத் தர எவர்க்கும் தோன்றவில்லை. மெட்ரோவிலும் அதுவே நடக்குமா என்பதுதான் நம் கேள்வி. கட்டுப்பாட்டு அறைக்கும் சமிக்ஞைப் பராமரிப்புக்கும் ஆள் வேண்டும். அப்பயிற்சி நம் மாவட்டத்துப் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் எட்ட வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கும் இதில் இடமுண்டு என்றால் சிரிப்பீர்கள். முல்லைப் பாடல்களில் தலைவன் தேர்ப்பாகனோடு பேசுகிறான். பூவில் ஊதும் வண்டு கலையாதபடி தேர்மணியின் நாவைக் கட்டி வருகிறான் இன்னொருவன். தேருக்குள் ஒரு மனிதச் செவி இருந்தது. நாளை சுரங்கத்தில் வண்டி நின்று விளக்கு மங்கினால், பயணி கேட்கப்போவது ஒலிபெருக்கிக் குரல் ஒன்றுதான். அதை யார் எழுதுகிறார்கள்? ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்த, மூச்சுமுட்டும் செயப்பாட்டு வாக்கியங்களைப் பொது அறிவிப்புகளில் நாள்தோறும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

மறுநாள் வகுப்பில் அதையே பயிற்சியாகக் கொடுத்தோம்: சுரங்கத்தில் வண்டி நின்றுவிட்டது, இருபது சொற்களுக்குள் அறிவிப்பு எழுதுக. பலர் 'அன்பார்ந்த பயணிகளே' என்பதிலேயே பாதிச் சொற்களைச் செலவிட்டனர். பின்வரிசை மாணவர் எழுதியது இது: "வண்டி நின்றிருக்கிறது. கதவைத் திறக்காதீர்கள். நாங்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஐந்து நிமிடத்தில் மறுபடி பேசுகிறோம்."

'ஐந்து நிமிடம்' என்பதை அடித்துவிடலாமா, அது பொய்யாகிவிட்டால் என்ன செய்வது என்று வகுப்பு முழுவதும் வாதிட்டது. அவர் விடவில்லை.