‘அருளர்’ இசைத்தட்டும் நமது மௌனமும்

2005ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து ‘அருளர்’ என்னும் இசைத்தட்டு வெளியாயிற்று. இலண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரின் காரணமாகப் பத்துப் பதினொரு வயதில் தாயுடன் அகதியாக மீண்டும் அந்நகரை அடைந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரிற் பாடிய முதலாவது ஹிப் ஹொப் தொகுப்பு அது. அவ்வாண்டின் மேர்க்குரிப் பரிசுக்குரிய இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. மேனாட்டுப் பத்திரிகைகள் அதைப் பற்றி வாதாடின. நமது விமர்சகர்களோ அதனை ஒரு கலைப் படைப்பாகக் கொண்டு ஆராய முன்வந்தது அரிது. ஏன்?

‘இது இசையன்று, இரைச்சல்’ என்பார் ஒரு சாரார். இக்குரல் நமக்குப் புதியதன்று. 1960களின் தொடக்கத்தில், உழைக்கும் மக்களின் பேச்சை இலக்கியத்திற் கையாண்ட எழுத்தாளர்களை ‘இழிசனர் வழக்கு’ என்று பழித்த அதே குரல்தான் இது. பறையை ஒதுக்கியதும், கூத்தைப் பாமரர் ஆட்டம் என்று தள்ளியதும் இக்குரலே. 1973இல் நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில், வறுமையும் புறக்கணிப்பும் சூழ்ந்த கறுப்பின, குடியேற்ற இளைஞரிடையே பிறந்தது ஹிப் ஹொப். வாத்தியம் வாங்க வசதியற்றவனும் தன் பேச்சையே தாளமாக்கிக் கொள்ள வழிசெய்த கலை அது. கிங்ஸ்ரனின் சேரித் தாளத்தையும், றியோவின் குன்றுக் குடிசைகளின் தாளத்தையும், இலண்டன் தொடர்மாடிகளின் பேச்சையும் ‘அருளர்’ ஒன்றுசேர்க்கிறது. சங்கீத சபையின் அளவுகோல் கொண்டு இதனை அளப்பது, நெல்லை முழக்கோலால் அளப்பது போன்றது.

‘நம் பிள்ளை உலகப் புகழ் பெற்றுவிட்டாள்’ என்று பூரிப்பார் மற்றொரு சாரார். பெருமிதம் விமர்சனமாகிவிடாது. இவர்கள் அவளது புகழைக் கண்டனர், பாட்டைக் கேட்டாரல்லர். கேட்டிருந்தால், தொகுப்பின் தொடக்கத்திலேயே அகதிப் பிள்ளை ஆங்கிலம் பயிலும் வகுப்பு பகிடியாக்கப்படுவதையும், பிறிதொரு பாட்டில் சிறுமியொருத்தி விலைப்படும் கொடுமை சொல்லப்படுவதையும் அறிந்திருப்பர். பலஸ்தீன விடுதலை இயக்கத்தைச் சுட்டும் சொற்களுக்காக அமெரிக்காவின் எம்.ரி.வி. நிறுவனம் ஒரு பாடலை அப்படியே ஒளிபரப்ப மறுத்தது ஏன் என்றும் சிந்தித்திருப்பர்.

அப்படியானால் இத்தொகுப்பு குறையற்றதா? அன்று. அட்டையில் அச்சுருவங்களாக நிற்கும் போர்க்கருவிகள், மேனாட்டு இளைஞரின் அறைச்சுவருக்கு அலங்காரமாகிவிடும் ஆபத்தை நாம் மறைக்கமாட்டோம். கிளர்ச்சியையும் சட்டையில் அச்சிட்டு விற்க வல்லது முதலாளித்துவச் சந்தை. பாடல்களிற் பல இடங்களில் கோஷம் இருக்கிறது. கோஷத்தைப் பிறப்பித்த வாழ்வு இல்லை. யார் யாரை எதற்காக ஒடுக்கினர் என்பதை நடனக்கூடத்தில் ஆடுபவன் அறியாமலே ஆடிவிட்டுப் போகலாம். இக்குறையைச் சுட்டும் உரிமையும் கடமையும் அந்தப் போரை வாழ்ந்த நமக்கே உரியவை. அதனையன்றோ நாம் கைவிட்டோம்!

தொகுப்பின் பெயரை எண்ணிப் பாருங்கள். ‘அருளர்’ என்பது ஈரோஸ் இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான அவளுடைய தந்தையின் புனைபெயர். 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தின்பின் கொழும்பிலிருந்து கப்பலேறிய அகதிகளைப் பற்றி, ‘லங்கா ராணி’ என்ற நாவலைத் தமிழில் எழுதியவர் அவர். தந்தை அகதிக் கப்பலைத் தமிழில் எழுதினார். மகள் அகதி வாழ்வை ஆங்கிலத்திற் பாடினாள். ஒரு தலைமுறைக்குள் மொழி மாறிற்று. அகதி நிலை மாறவில்லை. ஈழத்து இலக்கிய வரலாற்றின் ஓர் அத்தியாயம் இது. ஆங்கிலத்தில் இருப்பதால் நம்முடையதன்று என்போர், அவளை ஆங்கிலத்துக்குத் துரத்தியது எது என்று முதலிற் சொல்லட்டும்.

எம்.ஐ.ஏ. என்ற மூன்றெழுத்தின் பொருளோ களத்திற் காணாமற் போனோர் என்பது. 2009இல் போர் முடிந்தது. 2017 பெப்ரவரியில், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சி வீதியோரத்திற் படங்களை ஏந்தி அமர்ந்தனர். அப்படங்களுக்கு முன்னால் அம்மூன்றெழுத்து வெறும் மேடைப் பெயராக நிற்குமா? கலையைச் சந்தையிடமும் தீர்ப்பை அந்நியப் பத்திரிகையிடமும் ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருத்தல் தகாது. கேட்போம், ஆராய்வோம், போற்ற வேண்டியதைப் போற்றி, கண்டிக்க வேண்டியதைக் கண்டிப்போம். அதுவே விமர்சனம்.