நினைவும் உயிரின் உரிமை: ஒரு கொள்கைப் பிரகடனம்

புற்றுநோயைக் கடந்து வந்தவர்கள், இன்னும் கடந்துகொண்டிருப்பவர்கள், அவர்களுக்குத் துணை நிற்பவர்கள் ஆகிய நாங்கள் இன்று ஓர் இயக்கமாகிறோம். உயிரைக் காப்பது மருத்துவத்தின் வெற்றி. அந்த உயிரின் அறிவையும் நினைவையும் காப்பது அவ்வெற்றியின் நிறைவு. கட்டி கரைந்ததா என்று மட்டும் கேட்ட காலம் முடிந்தது. கரைந்தபின் அந்த மனிதர் எப்படிச் சிந்திக்கிறார் என்று கேட்கும் காலம் தொடங்கிவிட்டது.

கீமோவுக்குப் பிறகு சொல் நாவிலேயே நின்றுவிடுகிறது. நன்கு தெரிந்த பெயர் வர மறுக்கிறது. கணக்கில் கெட்டிக்காரர் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறார். பாடம் நடத்தும் ஆசிரியை பாதியில் தடுமாறுகிறார். சிலருக்கு இது மாதங்களில் தெளிகிறது. சிலருக்கு ஆண்டுகள் நீள்கிறது. இவர்களுக்குப் பழைய ஒழுங்கு வைத்திருந்தவை மூன்றே பதில்கள்: வயதாகிவிட்டது, மனக்கவலை, உயிர் பிழைத்ததே பெரிது. மூன்றையும் மறுக்கிறோம். மூன்றாவதை மிக உறுதியாக மறுக்கிறோம். நன்றியுணர்வைக் காட்டி வாயை அடைப்பது அறமாகாது.

கீமோவுக்குப் பின் நினைவு தடுமாறுகிறது என்ற உண்மையை முதலில் உரைத்தவர்கள் நோயாளிகளே. 1990-களில் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்கள் இதைக் ‘கீமோ பிரெயின்’ என்றார்கள். அதே பத்தாண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சோதனைகளால் அளந்து காட்டினார்கள். 2006-இல் வெனிஸில் கூடிய அறிஞர்கள் இதற்கெனவே ஒரு பன்னாட்டுக் குழுவை அமைத்தார்கள். இப்பாதிப்பை அளக்கும் முறைக்கான அக்குழுவின் பரிந்துரைகள் 2011-இல் வெளிவந்தன. அனுபவம் முன்னே சென்றது. அறிவியல் பின்னே வந்து அதற்குச் சான்றளித்தது.

இந்த மறதிக்குக் காரணம் ஒன்றன்று. மெதோட்ரெக்சேட் என்னும் கீமோ மருந்து மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியாவைக் கிளர்த்துவதையும், அதனால் நரம்பிழைகளின் மயலின் உறை பழுதாவதையும் ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜேயின் குழு எலிகளில் காட்டியிருக்கிறது. உடலில் எழும் அழற்சி, இரத்தசோகை, தூக்கமின்மை, ஹார்மோன் சிகிச்சை, சோர்வு எல்லாம் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. சிகிச்சை தொடங்கும் முன்பே சிலரின் நினைவு மங்கியிருப்பதும் கண்டறியப்பட்டிருக்கிறது. மனக்கவலை காரணங்களில் ஒன்று. அதையே முழுக் காரணமாக்குவது நோயாளியின் மேல் பழி போடுவது.

வரலாறு எங்கள் பக்கம் நிற்கிறது. அதற்கு அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையே சாட்சி. மருந்துகள் எளிதில் எட்டாத மூளையில் லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் ஒளிந்துகொள்கிறது என்பதால், 1960-களின் இறுதியில் அங்கே குழந்தைகளின் தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். பிழைப்பதே அரிதாயிருந்த நோயில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். அது மகத்தான வெற்றி. ஆனால் அந்தக் குழந்தைகள் பள்ளிக்குப் போனபோது கவனமும் கற்கும் திறனும் குறைந்திருந்தன. அந்த விலையை விதி என்று ஏற்காமல் மருத்துவர்கள் கதிரின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2000-இல் தொடங்கிய ஆய்வில் தடுப்புக் கதிர்வீச்சையே கைவிட்டார்கள். 2009-இல் வெளியான முடிவு: 498 பேர், ஐந்தாண்டு கடந்து உயிருடன் இருந்தோர் 93.5 சதவீதம். உயிரா, அறிவா என்ற கேள்வியே பொய்யென்று அந்தப் பிள்ளைகள் நிறுவிவிட்டார்கள்.

மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்கும் இதே நெறி வந்துவிட்டது. நினைவுகளை உருவாக்க உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸை விலக்கி, மெமண்டின் மருந்தோடு கதிர்வீச்சு தரும் முறை 518 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 2020-இல் வெளியானது. ஹிப்போகாம்பஸை விலக்கியதால் அறிவுத்திறன் இழப்பின் அபாயம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது, ஆயுள் குறையவில்லை.

இன்னொன்றையும் மறுக்கிறோம். எங்கள் பெயரைச் சொல்லி எவரும் ஒருவரைக்கூடக் கீமோவிலிருந்து விலக்கக் கூடாது. சிகிச்சை எங்கள் பகையன்று. சிகிச்சையின் அரைகுறை நோக்கே எங்கள் பகை. ஞாபகசக்தி லேகியம் விற்போர்க்கும் எங்கள் மேடையில் இடமில்லை. இம்மறதியை முற்றாகப் போக்கும் மாத்திரை இன்று இல்லை. உடற்பயிற்சி, கவனத்துக்கும் நினைவுக்குமான முறையான பயிற்சி, சீரான தூக்கம், இரத்தசோகைக்கும் மனச்சோர்வுக்கும் உரிய மருத்துவம் ஆகியவை பலருக்குக் கைகொடுக்கின்றன. அவற்றைச் சலுகையாக அன்று, உரிமையாகக் கோருகிறோம்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். புற்றுநோய் என்றாலே மரணம் என்றிருந்த நாட்டில் உயிருக்கான நம்பிக்கை அது. அந்த மரபின் அடுத்த அடியை நாங்கள் எடுத்து வைக்கிறோம். முதல் கீமோவுக்கு முன்பே நினைவும் கவனமும் அளக்கப்பட வேண்டும், அதுவும் நோயாளி சிந்திக்கும் மொழியில். கிராமத்துத் தாயின் ஞாபகத்தை ஆங்கிலச் சொற்பட்டியலால் அளப்பது அளவையே அன்று. டிஸ்சார்ஜ் தாளில் இரத்த அணுக்களின் எண்ணிக்கையோடு அறிவுத்திறனும் இடம்பெற வேண்டும். திரும்பி வரும் ஊழியருக்கு வேலையில் அவகாசமும், திரும்பி வரும் மாணவருக்குத் தேர்வில் கூடுதல் நேரமும் வேண்டும்.

சிகிச்சையில் இருப்பவரே, அடுத்த ஃபாலோ-அப்புக்குப் போகும்போது மறந்தவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வீட்டாரையும் உடன் அழைத்துச் சென்று சொல்லச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்கும்வரை காத்திராதீர்கள், நீங்களே தொடங்குங்கள்.