பலூனுக்குள் எந்த வாயு?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்திலும் ராஜபாளையத்துப் பிறந்தநாள் விழாவிலும் பலூன் கண்ட குழந்தை விடாது. உள்ளே இருப்பது ஹீலியமா, ஹைட்ரஜனா என்று பெரியவர்கள் கேட்டே ஆக வேண்டும்.

ஹீலியம் எரியாது. விலை மலிவான ஹைட்ரஜனுக்கோ ஒரு பொறி போதும். 2020 செப்டம்பரில் சென்னை பாடியில், பிரதமர் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் பட்டாசுப் பொறி பட்டு பலூன் கொத்து தீப்பிழம்பானது, பலர் காயமடைந்தனர். 2012 மே மாதம் ஆர்மீனியாவின் யெரெவானில் இதேபோல் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சிவகாசிப் பட்டாசு இல்லாமல் விழா நடக்காத விருதுநகர் மாவட்டத்துக்கு இது தலைக்கு மேல் தொங்கும் ஆபத்து.

சிலிண்டரும் விளையாட்டுப் பொருளல்ல. 2022 அக்டோபரில் திருச்சிக் கடைவீதியில் பலூன் வியாபாரியின் சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தார்.

சிலிண்டரை நிமிர்த்திக் கட்டிவைத்து, காற்றோட்டமான இடத்தில், வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். ரப்பர் பலூன் அரை நாள் அளவே மிதக்கும் என்பதால் விழாவுக்குச் சற்று முன்பு நிரப்பினால் போதும். குரல் மாற்றிக் காட்ட ஹீலியத்தை உறிஞ்சினால், நுரையீரலில் ஆக்சிஜனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். நொடிகளில் மயக்கம் வரும், உயிரும் போகலாம்.

அடுத்த தேரோட்டத்துக்குள், கூட்டத்தில் பலூன் விற்பவர்களின் சிலிண்டர்களைச் சோதிக்கும் ஏற்பாட்டை நகராட்சி தொடங்க வேண்டும்.