தலைப்பைத் தலைப்பாகவே எழுதுங்கள்

மென்பொருளுக்குக் கையேடு உண்டா என்று கேட்டால், “பிடிஎஃப் இருக்கிறதே” என்று நீட்டுகிறார்கள். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஸ்கிரீன்ஷாட். கீழே, ‘படத்தில் உள்ளபடி இந்தப் பொத்தானை அழுத்தவும்’ என்று ஒரு வரி. படம் பார்க்க முடியாதவர் எந்தப் பொத்தானை அழுத்துவார்? தட்டச்ச வேண்டிய கட்டளையும் படத்துக்குள்ளேயே கிடக்கும். கண் தெரிந்தவருக்கும் அதை நகலெடுத்து ஒட்ட வழியில்லை.

பார்வையற்றவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை 2006இல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய மைக்கேல் கரன் பார்வையற்றவர். அதில் இணையப் பக்கம் ஒன்றைப் படிக்கும்போது எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். நீளமான கையேட்டில் வேண்டிய இடத்தை அப்படித்தான் பிடிக்கிறார்கள். எழுதியவர் தலைப்பைத் தலைப்பு என்று குறிக்காமல், எழுத்தை மட்டும் பெரிதாக்கித் தடிப்பாக்கியிருந்தால் தாவ இடமிருக்காது. கண்ணுக்கு அது தலைப்பு. கருவிக்கு இன்னொரு வரி, அவ்வளவுதான்.

தமிழில் கூடுதலாக ஒரு சங்கடம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பில் ‘அம்மா’ என்று கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் வாசிக்கும். முதலில் யூனிகோடு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பல வடிவங்களில் கொடுங்கள் என்றால், “ஒன்றை எழுதவே ஆளில்லை, ஐந்தா?” என்பார்கள். ஒன்றை எழுதினால் போதும். பைத்தான் மொழியின் ஆவணங்களுக்கு மூலம் வெறும் உரைக் கோப்புகள்தான். எது தலைப்பு, எது நிரல், எது எச்சரிக்கை என்று எழுதும்போதே குறித்துவிடுகிறார்கள். கேயார்க் பிராண்டல் உருவாக்கி 2008இல் வெளியான ஸ்ஃபிங்க்ஸ் கருவி, அதிலிருந்து இணையப் பக்கம், பிடிஎஃப், இபப் என்ற மின்னூல், வெறும் உரை எல்லாவற்றையும் எடுத்துத் தருகிறது. இபப் கைபேசித் திரையின் அகலத்துக்கு வரிகளை மடித்துக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கினாலும் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டாம். இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் உதவும்.

‘மாற்றுத்திறனாளிகளுக்கு’ என்று தனிப் பிரதி தயாரிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. மென்பொருள் மாறும், முதன்மைக் கையேட்டைத் திருத்துவார்கள், தனிப் பிரதி மட்டும் பழைய பதிப்பிலேயே நிற்கும். மூலம் ஒன்றாக இருந்தால், ஓரிடத்தில் திருத்தியது எல்லா வடிவத்துக்கும் போய்ச் சேரும். ஆனால் படத்துக்கு விளக்கம் எழுதும் வேலை மனிதருடையது. அதை எழுதாமல் விட்டால் ஐந்து வடிவத்திலும் குறை குறைதான். ‘படம் 3’ என்பது விளக்கமல்ல. ‘வலது மேல்மூலையில் சேமி பொத்தான்’ என்பது விளக்கம்.

வெளியிடுமுன் ஸ்கிரீன் ரீடரை ஓடவிட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, நிறுவும் முறை எந்த இடத்தில் இருக்கிறது என்று உங்கள் கையேட்டிலேயே தேடிப் பாருங்கள். என்விடிஏவுக்குக் காசு கிடையாது. ஆகவே சாக்கும் கிடையாது.