டாக்டர் கேட்க வேண்டியதை டேப் கேட்கலாமா?

போன வாரம் சர்க்கரை மாத்திரை எழுதி வாங்க ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். டோக்கன் கொடுத்த பெண் கூடவே ஒரு டேபையும் நீட்டினாள். "ஏஐ கேள்வி கேட்கும் சார், பதில் சொன்னா போதும்" என்றாள். நல்ல தமிழில்தான் கேட்டது. யாருடன் வசிக்கிறீர்கள்? பணமில்லாமல் மருந்தை நிறுத்தியதுண்டா? வீட்டில் யாரிடமாவது பயம் உண்டா?

பக்கத்தில் எழுபது தாண்டிய ஓர் அம்மா. டேப் அவர் மகன் கையில். கடைசிக் கேள்விக்கு அம்மா வாய் திறக்குமுன் மகனே 'இல்லை' என்று அழுத்திவிட்டார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

கேள்விகள் தவறு என்று நான் சொல்லவில்லை. வீடு, வருமானம், வேலை எல்லாம் உடல்நலத்தைப் பாதிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் அமைத்த குழு 2008-லேயே சொல்லிவிட்டது. கேட்கும் விதம்தான் தவறு.

எங்கள் பழைய குடும்ப டாக்டர், "தம்பி, கம்பவுண்டர்கிட்ட மருந்து வாங்கிட்டு வா" என்று முதலில் மகனை வெளியே அனுப்புவார். பிறகுதான் "இப்ப சொல்லுங்கம்மா" என்பார். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி மிச்சத்தை எண்ணுவார். ஒருமுறை என் அட்டையில் பாதி மிச்சம். மகள் கல்யாணக் கடன் இருந்த சமயம். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. விலை குறைந்த மாத்திரையாக மாற்றி எழுதினார். டேப் கேட்டிருந்தால் "ஒழுங்காகப் போடுகிறேன்" என்றுதான் சொல்லியிருப்பேன். மானம் என்று ஒன்று இருக்கிறதே!

டாக்டருக்கு நேரம் ஏது என்பீர்கள். சரி, அவர் பேசும்போது குறிப்பெடுக்கும் வேலையை யந்திரம் செய்யட்டும். அவர் நம் முகத்தைப் பார்க்கட்டும். அவருக்குப் பதிலாக அது கேட்பதுதான் வேண்டாம்.

யந்திரத்தின் கணக்கும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணிக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். அது மருத்துவச் செலவை வைத்து நோயை அளந்தது. கறுப்பின மக்களுக்கு ஆன செலவு குறைவு. அதனால் அவர்களின் தேவையும் குறைவு என்று முடிவுகட்டிவிட்டது. 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது. அன்று மாத்திரையைக் குறைத்த என்னையும் அது ஆரோக்கியசாலி என்றுதான் எண்ணியிருக்கும்.

நான் டேபைத் திருப்பிக் கொடுத்து, "டாக்டரிடமே சொல்லிக்கொள்கிறேன்" என்றேன். நீங்களும் சொல்லலாம். யார் படிப்பார்கள், எங்கே போகும் என்று தயங்காமல் கேளுங்கள். நம் நாட்டில் 2023-ல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் சொல்லப்பட்டிருக்கிறது.

அந்த அம்மாவின் பதிவில் 'பயம் இல்லை' என்று ஏறிவிட்டது. கேட்டாகிவிட்டது என்று டாக்டரும் இனி கேட்கப்போவதில்லை. உங்களோடு வயதான அம்மாவை அழைத்துப் போனால், தயவுசெய்து ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள்.