மூன்றாவது வயலின்

அக்கா நியூஜெர்ஸியிலிருந்து போன் செய்தாள். "டேய், உன் மருமான் வயலினைத் தலைமுழுகப் போறேங்கறான். நீயாவது கொஞ்சம் சொல்லு."

பையனுக்கு 13 வயசு. பள்ளிக்கூட ஆர்க்கெஸ்ட்ராவில் ராசினியின் 'வில்லியம் டெல்' ஓவர்ச்சர் வாசிக்கப் போகிறார்கள்.

"மூணாவது வயலின்ல போட்டுட்டாங்க மாமா. மெயின் ட்யூனே எனக்கு வராது" என்றான். கிட்டத்தட்ட அழுகை.

நான் பி.காம். பாலன்ஸ் ஷீட்டைத் தவிர வேறு ஷீட் படித்தவனில்லை. ஆனாலும் மருமானின் மானப் பிரச்னை. அவனுடைய பள்ளிப் பிரதியையும் ஒரிஜினலையும் வரவழைத்து, இசை தெரிந்த நண்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடிட் பண்ணினேன்.

ஒரிஜினல், 1829-ல் பாரீஸில் அரங்கேறிய ஓபராவின் முகப்பு இசை. சுமார் 12 நிமிஷம். ஆரம்பமே ஐந்து செல்லோக்கள், ஆளுக்கொரு வரி. எந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்து நல்ல செல்லோ தேறும்? அப்புறம் புயல், மேய்ச்சல் நிலம், கடைசியில் குதிரைப் பாய்ச்சல். அமெரிக்க ரேடியோவில் 1933-லிருந்து 'லோன் ரேஞ்சர்' என்ற முகமூடி வீரன் வந்ததெல்லாம் இந்தப் பாய்ச்சலில்தான். பள்ளிக்காக மாற்றி எழுதியவர் மற்றதை எல்லாம் வெட்டிவிட்டுக் குதிரையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். ராசினி 1868-லேயே காலமாகிவிட்டதால் ஆட்சேபணை இல்லை.

குதிரையும் லேசுப்பட்டதில்லை. ஒரிஜினல் ஈ மேஜர், நாலு ஷார்ப். பள்ளிகளில் புழங்கும் பி ஃப்ளாட் கிளாரினெட்காரனுக்கு அது ஆறாகிவிடும், பையன் ஓடிப்போவான். டி மேஜருக்கு இறக்கினால் வயலினுக்கு இரண்டு, கிளாரினெட்டுக்கு நாலு. எல்லோருக்கும் வரிச்சலுகை! ஓபோ வாசிக்கிற பெண் ஜுரத்தில் படுத்தால்? அவளுடைய வரிகளைக் கிளாரினெட்காரன் தாளிலும் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார். நம் ஆபீஸில் லீவு போட்டவர் சீட்டையும் பக்கத்து சீட்காரர் பார்க்கிறாரே, அந்த ஏற்பாடு.

சரி, மூன்றாவது வயலின்? ஒரிஜினலில் தேடினேன். முதல் வயலின் உண்டு, இரண்டாவது உண்டு. மூன்றாவது கிடையவே கிடையாது!

நண்பர் சிரித்தார். "வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவில வயோலான்னு ஒண்ணு இருக்கு சார். நிறைய ஸ்கூல்ல அதுக்கு ஆள் பத்தாது. அதனால அந்த வரியை வயலினுக்குத் தோதா எழுதி, எட்டாத சுரத்தை மேலே தூக்கிப் போட்டுக் கொடுத்துடுவாங்க. அதான் மூணாவது வயலின்."

உடனே போன் போட்டேன். "டேய், நீ மூணாவது ஆள் இல்லைடா. அங்கே இல்லாத வயோலாவே நீதான்."

"அப்போ ட்யூன்?"

"ட்யூன் வராதுதான்" என்றேன். குழந்தையிடம் பொய் சொல்லக் கூடாது. "அடுத்த ரிகர்சல்ல உங்க வரிசை மட்டும் சும்மா இருந்து பாருங்க."

நாலு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். "மாமா, பத்து செகண்ட்கூட ஆகலை. மிஸ் நிறுத்திட்டாங்க. 'நடுவுல ஏதோ காணோமே'ன்னு எங்க பக்கம் திரும்பினாங்க!"

கச்சேரி வீடியோ வந்தது. மூணு நிமிஷம். குதிரை இரண்டு இடத்தில் நொண்டியது. மருமான் எங்கே என்று தேடினேன். கடைசி வரிசையில் பாதி முகம் தெரிந்தது.

ட்யூன் வராத அந்த முகத்தில் அவ்வளவு பெருமை.